பையன் எப்படிப் படிக்கிறான் என்று அளந்து பார்த்தோம்: 8,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கோவையில் ஒரு தனியார் கற்றல் மதிப்பீட்டு மையத்தில் என் மகனுக்குச் சோதனை செய்தோம். மொத்தம் 8,500 ரூபாய். காசு வீணாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் ஐயாயிரமாவது, சோதனை எல்லாம் முடிந்த பிறகு அந்த உளவியலாளர் எங்களை உட்கார வைத்து விளக்கிய பேச்சுக்குத்தான் சேரும் என்பது என் கணக்கு. மையத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளும் எழுதப்போகிறேன், பையனைப் பற்றிய விவரமும் இதில் இருக்கிறது.

பையனுக்கு ஒன்பது வயது. மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. வாய் ஓயாது. எனக்கு சிங்காநல்லூரில் சின்ன லேத் பட்டறை. லீவு நாளில் அங்கே வந்து நிற்பான். பிரித்துப் போட்ட மோட்டார் பம்பைப் பார்த்துவிட்டு "இதுல ஒரு வாஷர் காணோம்ப்பா" என்பான். தேடினால் உண்மையிலேயே ஒன்று குறையும். அதே பையன், போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால், மற்ற பிள்ளைகள் முடித்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூன்றாவது வரியில் இருப்பான். பள்ளியிலிருந்து வரும் புகார் வருடத்துக்கு வருடம் ஆள் மாறினாலும் வாசகம் மாறாது: "நல்லாப் பேசறான் சார், எழுதறதுக்குத்தான் சோம்பேறித்தனம்." தமிழ் டீச்சர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "சோம்பேறின்னா எல்லாத்துலயும் சோம்பேறியா இருக்கணுமுங்க. இவன் அப்படி இல்ல. எங்காவது காட்டிப் பாருங்க." அவர் சொல்லித்தான் போனோம்.

இந்த மாதிரி இடத்தைத் தேட ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்பவர்கள் விரல்ரேகைக்காரர்கள். குழந்தையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, இவன் டாக்டர் ஆவானா டான்ஸர் ஆவானா என்று வண்ணப் படங்களோடு ஒரு புத்தகமே அச்சடித்துத் தருவார்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். என் மச்சான் தன் பெண்ணுக்கு எடுத்து, முதல் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். விரல்ரேகையை வைத்து அறிவுத்திறனைச் சொல்லலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஒரு வரி எழுதாமல், அவன் எப்படிக் கற்கிறான் என்று சொல்லிவிடுகிறார்களாம். அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு அன்னபூர்ணாவில் நாலு தடவை சாப்பிட்டுவிட்டு வரலாம்.

நான் எல்லா இடத்திலும் போனில் கேட்ட முதல் கேள்வி, சோதனை செய்பவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா என்பது. ஆர்.சி.ஐ. என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரீஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். சில இடங்களில் "எங்க மேடம் ரொம்ப எக்ஸ்பீரியன்ஸ் சார்" என்று பதில் வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இந்த மையத்தில் வரவேற்பில் இருந்த பெண் கேட்ட உடனே எண்ணைச் சொன்னார். போய்ப் பார்த்தால் சான்றிதழ் சுவரிலேயே மாட்டியிருந்தது.

முன்பதிவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் கண் டாக்டரிடமும் காது டாக்டரிடமும் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள். பார்வை சரியில்லாத பிள்ளைக்கு வாசிப்புச் சோதனை வைத்து என்ன பயன்? இதைக் கேட்காமல் நேராகச் சோதனைக்கு உட்கார வைக்கும் இடம் என்றால் எழுந்து வந்துவிடலாம் என்பேன். அப்புறம் பழைய நோட்டுகள், விடைத்தாள்கள் எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். பிறந்தபோது எடை, எப்போது நடந்தான், எப்போது பேசினான், ஜன்னி வந்ததுண்டா, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன மொழி, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் உண்டா என்று ஒரு நீண்ட நேர்காணல். கவனக்குறைவுப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வாண்டர்பில்ட் என்ற படிவம், எங்களுக்கு ஒன்று, வகுப்பாசிரியைக்கு ஒன்று. சோம்பேறி என்று சொன்ன அதே டீச்சர் அந்தப் படிவத்தை வரிக்கு வரி யோசித்து நிரப்பியிருந்தார். அவரைப் பற்றி எனக்கு இருந்த கோபம் அதில் பாதி இறங்கிவிட்டது.

சோதனையை ஒரே மூச்சில் முடிக்காமல் வேறு வேறு காலையில் பிரித்து வைத்தார்கள். பள்ளி விட்டுக் களைத்து வரும் சாயங்கால நேரம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் காரணம் நியாயமானது. களைத்த பிள்ளையை அளந்தால் களைப்பின் அளவுதான் வரும்.

உளவியலாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பையனிடம் குனிந்து, "உள்ள போலாமா கண்ணு? சிலது ஈஸியா இருக்கும். சிலது பெரிய அண்ணன்களுக்கு வச்சது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, யாரும் மார்க் போடமாட்டாங்க" என்றார். இந்த ஒரு வரியில் அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். எங்களை உள்ளே விடவில்லை. அதுவும் சரி. அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் வயது.

வைத்த முக்கியமான சோதனை, அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் அளவுகோல். டேவிட் வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளுக்கென்று 1949 இல் முதலில் வெளியிட்டது. இங்கே வைத்தது அதன் நான்காம் பதிப்பின் இந்திய வடிவம், 6 வயது முதல் 16 வரைக்குமானது. பத்துச் சின்னச் சின்னச் சோதனைகள், அவற்றிலிருந்து நான்கு குறியீடுகள்: சொல்வழிப் புரிதல், கண்ணால் பார்த்து யோசிப்பது, மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவு, வேகம். கேள்விகள் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். யாராவது படித்துவிட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனால் வரும் எண்ணுக்கு மதிப்பே இருக்காது. இதே காரணத்தால் அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் திரும்ப வைக்கவும் கூடாதாம். வேறு இடத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வைத்த சோதனையின் பெயரைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் பல இடங்களில் இன்னும் மிசிக் என்ற சோதனைதான் வைக்கிறார்கள். வெக்ஸ்லரின் முதல் அளவுகோலை மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காக 1960களில் மாற்றி அமைத்தது. அரசு வழிமுறைகளில்கூட அதன் பெயர் இருக்கிறது. இதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை இந்தச் சோதனைகளில் கூடுதலாக எடுத்துக்கொண்டே வருகிறது, அதனால் பழைய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளையின் எண் நிஜத்தைவிட உயர்ந்து தெரியும் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டறையில் தேய்ந்துபோன கேஜை (அளவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் தப்பான ஷாஃப்ட்டும் பாஸாகிவிடும். ஆனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் தமிழில் மிசிக்கைத்தான் வைத்திருப்பேன் என்றும் சொன்னார். மொழி புரியாமல் குறைவது அதைவிடப் பெரிய தப்பாம்.

இரண்டாவது பகுதி, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தயாரித்த கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. 5 முதல் 7 வயதுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுக்கு ஒன்று. கவனம், வாசிப்பு, சொல்வதை எழுதுவது, கணக்கு, பார்த்து வரைவது, நினைவு எல்லாம் அதில் வரும். பிள்ளை படிக்கும் வகுப்புக்கும் அவன் உண்மையில் நிற்கும் நிலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டுகிறது. தமிழுக்கு அவர் எங்கள் பாடப்புத்தகத்தையே எடுத்து வாசிக்க வைத்து, எழுத வைத்துப் பார்த்தார். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இனி எண்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 105 என்று இருந்தது. இந்த அளவுகோலில் 100 தான் நடு. 85 முதல் 115 வரைக்குள் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். என் மனைவி அதைப் பார்த்ததும் "அப்ப நார்மல்தானே மேடம்?" என்று பெருமூச்சு விட்டாள். உளவியலாளர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இந்த நூத்தி அஞ்சை மறந்துடுங்க அக்கா. இது உங்க பையனோட நம்பர் இல்ல."

அடுத்த பக்கத்தைத் திறந்தார். சொல்வழிப் புரிதல் 116. பார்த்து யோசிப்பது 121. நினைவு 88. வேகம் 80. இந்த நான்கையும் சேர்த்துக் குழைத்ததுதான் 105. 121க்கும் 80க்கும் இடையே இவ்வளவு பள்ளம் இருக்கும்போது மொத்த எண் எதையும் சொல்லாது என்றார். வேகத்தையும் நினைவையும் விட்டுவிட்டுப் பொதுத்திறனை மட்டும் பார்க்கும் இன்னொரு குறியீடு இருக்கிறதாம். அதில் 120ஐ ஒட்டி வந்திருந்தான்.

பக்கத்தில் சதமானம் என்று ஒரு வரிசை. வேகத்துக்கு நேராக 9. மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நூற்றுக்கு 9 மார்க் என்று அர்த்தமில்லை, அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து ஒன்பதாவது இடத்தை ஒட்டி நிற்பான் என்று அர்த்தம். அதே வரிசையில் பார்த்து யோசிப்பதற்கு 92. இதை விளக்காமல் அறிக்கையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு. எங்கள் பள்ளியிலேயே இன்னொரு அம்மா அப்படி வாங்கி வந்து வீட்டில் அழுதிருக்கிறார்.

நான் அசந்துபோன இடம் இதற்குப் பிறகு வந்தது. வேகத்தை இரண்டு சின்னச் சோதனைகளால் அளக்கிறார்கள். ஒன்றில் குறிகளைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். இன்னொன்றில் பார்த்து ஒரு கோடு போட்டால் போதும். இவற்றில் 10 தான் சராசரி. எழுத வேண்டியதில் 5, கோடு போடுவதில் 8. அதாவது கண் மந்தமில்லை, பென்சில் பிடித்த கைதான் இழுக்கிறது. எழுதியதில் தப்பு ஒன்றுகூட இல்லை, செய்த அளவுதான் குறைவு. நினைவுச் சோதனையிலும் எண்களைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வதில் பிரச்சினை இல்லை, தலைகீழாகச் சொல்லச் சொன்னபோது விழுந்துவிட்டான். "நீங்க வீட்டுல மூணு வேலையைச் சேர்த்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். பையை எடுத்து வை, டிபன் பாக்ஸைக் கழுவப் போடு, ஹோம்வொர்க் நோட்டை எடு. மூன்றாவது எப்போதும் நடக்காது. திமிர் என்று எங்கள் அம்மா தீர்ப்பே எழுதி வைத்திருந்தார்.

வாசிப்பில் ஆங்கிலம் இரண்டாம் வகுப்பு அளவில் நிற்கிறது, எழுத்துக்கூட்டலும் அப்படியே. ஆனால் அதே பத்தியை அவர் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டபோது நான்காம் வகுப்புக்கான எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறான். கணக்கில் கருத்து தெரியும், எண்களை நேராக அடுக்கத் தெரியவில்லை, அதனால் கூட்டல் தப்பு. தமிழில் ல, ள, ழ குழப்பத்தை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. இந்த வயதில் பாதி வகுப்புக்கு அது உண்டாம். துணைக்காலையும் கொம்பையும் விடுவதுதான் அவர் குறித்தது. "பாடம்" எழுதச் சொன்னால் "படம்" என்று எழுதி, வாசிக்கும்போது "பாடம்" என்றே வாசிக்கிறான். முடிவாக, வாசிப்பிலும் எழுத்திலும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது அறிவில் குறையில்லாமல் இந்த இரண்டில் மட்டும் சிரமம். கவனக்குறைவுப் படிவங்கள் இரண்டுமே எல்லையைத் தாண்டவில்லை, அதனால் அது இல்லை என்றார்.

இனி குறைகள். பேச்சில் இவ்வளவு துல்லியமாக இருந்தவரின் எழுத்து அறிக்கை அப்படி இல்லை. சொன்ன தேதிக்கு வரவில்லை, நான்தான் போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தேன். முழுக்க ஆங்கிலம். பரிந்துரைப் பக்கத்தில் இரண்டு இடங்களில் என் மகன் பெண்பிள்ளை ஆகிவிட்டான். வேறு ஒரு குழந்தையின் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சொன்னதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார்கள். ஆனால் நான் வரிக்கு வரி பார்க்கிற ஆள் என்பதால் கண்ணில் பட்டது. பார்க்காதவர்கள் அதையே பள்ளியில் கொடுத்திருப்பார்கள். பரிந்துரைகளிலும் பாதி எந்தப் பிள்ளைக்கும் பொருந்துவது. "விளையாட்டில் ஊக்கப்படுத்தவும்" என்று ஒரு வரி. அவனை விளையாட்டிலிருந்து உள்ளே இழுப்பதுதான் எங்கள் வீட்டுப் பாடு.

பயன்பட்டவை நாலே நாலு. போர்டைப் பார்த்து எழுத வைக்காமல் நகல் கொடுப்பது, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, எழுத்துத் தேர்வில் விட்டதை வாய்மொழியாகவும் கேட்டுப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. இவற்றைத் தனியாக ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். கையாலேயே எழுதிக் கொடுத்தார். பள்ளியில் உண்மையில் வேலை செய்தது அந்த ஒரு தாள்தான். பதினோரு பக்க அறிக்கையைத் தலைமையாசிரியை மேஜை டிராயரில் வைத்தார். அந்தத் தாளை வகுப்பாசிரியை தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். கட்டம் போட்ட நோட்டுக்கு மாறியதிலிருந்து கணக்கில் தெளிவான வித்தியாசம் தெரிகிறது. வாசிப்பில் இன்னும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குச் சிறப்புக் கல்வியாளரிடம் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துப் பழகும் வகுப்பு வேண்டும். அந்தச் செலவு தனி, மாதாமாதம் வரும். மதிப்பீட்டுக் கட்டணத்தோடு கதை முடிந்தது என்று யாரும் பட்ஜெட் போட வேண்டாம்.

மாற்றுத்திறனாளி என்ற அரசுச் சான்றிதழ் விஷயத்தையும் மையம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கேட்ட பிறகுதான் சொன்னார்கள். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. ஆனால் தனியார் அறிக்கை சான்றிதழ் ஆகாது. அதற்கு அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 2018 இல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறை, எட்டு வயதுக்கு முன் சான்று தரக்கூடாது என்று வைத்தது. மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதித் தருபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு, அதற்கு முறையான சான்று வேண்டும். சி.பி.எஸ்.இ.யிலும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் கிடைக்கும். என் பையனுக்கு இதெல்லாம் இன்னும் தூரம். பத்தாம் வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடாதீர்கள்.

8,500 எல்லோராலும் முடியாது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருடங்களாக இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் கேட்கலாம், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் கேட்கலாம். அரசுப் பள்ளியாக இருந்தால் முதலில் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரைப் பிடியுங்கள். காத்திருப்பு இருக்கும், கட்டணம் இல்லை அல்லது குறைவு.

என் மதிப்பெண்: சோதனை செய்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. விளக்கிச் சொன்னதற்கும் அதே. அறிக்கைக்கு இரண்டு. முன்பதிவு செய்யும்போதே, விளக்கப் பேச்சு கட்டணத்தில் சேர்ந்ததா, எவ்வளவு நேரம், இரண்டு பெற்றோரும் வரலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையின் மூலப்பிரதியைப் பள்ளியில் கொடுக்காதீர்கள், நகல் போதும். அந்த நகலிலும் குடும்ப விவரம் இருக்கும் முதல் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் நான் கொடுத்தேன். அதைப் பற்றிப் பள்ளியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.